பழைய டிராக்டரைக் குடும்பமாகச் சேர்ந்து சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய டிராக்டரை மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை பல குடும்பங்களில் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பலர் ஆசையோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்த வேலை நடக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிராக்டர் பளபளப்பதைவிட, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் வீட்டில் பெருகுவது எனக்கு முக்கியம்.

எந்தக் காலத்து டிராக்டர்களைப் பழைய டிராக்டர் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. பொதுவாக 1960களின் இறுதிவரை வந்தவற்றை ஆர்வலர்கள் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். 1917இல் வந்த ஃபோர்ட்சன் எஃப், 1924இல் வந்த ஃபார்மால், 1946 முதல் 1956 வரை கவென்ட்ரியில் தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20, 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என், 1964இல் தொடங்கிய மாசி ஃபெர்குசன் 135 ஆகியவை இன்றும் அதிகம் சீரமைக்கப்படுகின்றன.

வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் டிராக்டரைத் தொடுவதா, அல்லது நல்ல நிலையில் வேறொன்று வாங்குவதா?

வீட்டு டிராக்டர் என்றால், முடிந்தவரை அதையே எடுங்கள். தகடு துருப்பிடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பானட், மட்கார்டு எல்லாம் தட்டி, ஒட்டி, புதிதாகச் செய்துகூடப் போடலாம். கவலைப்பட வேண்டியது வார்ப்பிரும்பைப் பற்றித்தான். இன்ஜின் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா, கியர் பாக்ஸ் கூடு உடைந்து ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்ட்சன் காலம் தொட்டுப் பல டிராக்டர்களுக்கு வண்டியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் கூடுகளே ஒன்றோடொன்று போல்ட் போட்டுப் பூட்டப்பட்டு வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. அதனால் கூட்டில் விரிசல் என்றால் அது வண்டியின் உடம்பிலேயே விரிசல்.

இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பின் வடிகால் போல்ட்டை முழுதும் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது; அது அடியில் தங்கியிருக்கும். முதலில் தெளிந்த நீர் சொட்டி, அதன்பிறகே கறுப்பு எண்ணெய் வந்தால், மழைநீர் சைலன்சர் வழியாக இறங்கியிருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கே விரிந்திருக்கலாம். எது என்று தெரியும்வரை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

குடும்பத்தில் டிராக்டரே இல்லாமல், இந்த வேலைக்காகவே ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால், அதிகம் தயாரான மாடலைத் தேர்ந்தெடுங்கள். டி.இ.20, 8என் இரண்டுமே தலா 5 லட்சத்துக்கு மேல் உருவானவை. உதிரி பாகமும் கையேடும் அனுபவஸ்தர்களும் அவற்றுக்குக் கிடைப்பதுபோல அபூர்வ மாடலுக்குக் கிடைக்க மாட்டார்கள். அபூர்வமானதை இரண்டாவது டிராக்டராக வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஸ்பானரைத் தொடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கேமரா, வீட்டின் மூத்தவர் ஒருவர், இவை போதும்.

மூத்தவரை வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் "நல்லா ஓடுச்சு" என்பதோடு நின்றுவிடுவார். டிராக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். முடிந்தால் இருக்கையிலேயே ஏறி உட்காரட்டும். கை தானாக லீவருக்குப் போகும். இரண்டாம் கியர் எப்போதும் நழுவும், அதனால் காலால் முட்டுக் கொடுத்து ஓட்டினோம் என்பார். இடது மட்கார்டு ஏன் வளைந்தது, இந்த வெல்டிங்கை யார் வைத்தது என்று சொல்வார். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடையாது. பேசப் பேச வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் எழுதட்டும். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள்.

பிறகு எண்களைக் குறியுங்கள். வண்டி எண், இன்ஜின் எண் மட்டும் போதாது. வார்ப்பிரும்பு பாகங்களில் வார்த்த தேதியைக் காட்டும் குறியீடுகளும் இருக்கும். துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். ஒரு பாகத்தின் தேதி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தால், அது பின்னாளில் மாற்றப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அசல் பாகங்கள் எவை என்று அறிய இன்னொரு நல்ல வழியும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919இல் ஒரு சட்டம் வந்தது; அங்கே விற்கும் டிராக்டர்கள் சொன்ன சக்தியை உண்மையிலேயே தருகின்றனவா என்று சோதித்தாக வேண்டும் என்றது. 1920இல் சோதனை தொடங்கியது. அந்த அறிக்கைகளில் குதிரைத்திறன், எடை, சுற்று வேகம் ஆகியவற்றோடு எந்த கார்புரேட்டர், மின்பொறி தரும் எந்த மேக்னெட்டோ பொருத்தப்பட்டிருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். உங்கள் மாடல் அங்கே சோதிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு அறிக்கை பல வாக்குவாதங்களைத் தீர்த்துவிடும்.

இன்ஜின் ஜாம் ஆகிச் சுற்றவே இல்லை. என்ன வழி?

பொறுமைதான் வழி. நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, வேறொரு வண்டியில் கட்டி இழுப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும்போது சக்கரம் வழியாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், பிஸ்டன் உடையும்.

ஜாம் ஆனது இன்ஜின்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கிளட்ச் தகடு ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) துருவில் ஒட்டிக்கொள்வதும், கியர் சிக்கிக்கொள்வதும் சாதாரணம். அடுத்து, ஸ்பார்க் பிளக்கை அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியருக்கான எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றுவதும் பலர் கையாளும் முறை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அருகில் நெருப்பு கூடாது. ஊற்றிவிட்டு நாள்கணக்கில், தேவைப்பட்டால் வாரக்கணக்கில் விடுங்கள். எண்ணெய் குறையக் குறைய மீண்டும் ஊற்றுங்கள்.

பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் வெற்றிதான். அங்கிருந்து ஆட்டி ஆட்டி அகலப்படுத்தலாம். அதற்கு முன் வால்வு மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தும் ராக்கரைத் தளர்த்திவிடுங்கள். பிஸ்டன் விடுபட்டு வால்வு மட்டும் ஒட்டியிருந்தால், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்துவிடும். இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்படி ஆனால் இன்னொரு எச்சரிக்கை. டி.இ.20 போன்றவற்றில் சிலிண்டர் ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஓடும் உட்குழாய், தனியாகக் கழலக்கூடியது. வெளியே தண்ணீர் சூழ நிற்பது. ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் ஸ்லீவையும் சேர்த்து மேலே தூக்கிவிடும், அடிச் சீல் கெட்டுவிடும். வாஷரும் போல்ட்டும் போட்டு ஸ்லீவை அழுத்திப் பிடித்த பிறகே சுற்ற வேண்டும். நல்ல செய்தி, இப்படிப்பட்ட இன்ஜினில் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் புதிய ஸ்லீவும் பிஸ்டனும் போட்டால் அது புது இன்ஜின்தான்.

துருவை எடுக்கச் செலவில்லாத வழி உண்டா?

உண்டு, வீட்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் பாடமும் ஆகும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை பிளஸ் முனையிலும் இணைத்து, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் முக்கி வைக்கவும். மின்சாரம் பாயப் பாயத் துரு கழன்று கறுப்பாக உதிரும். நல்ல இரும்பு தேயாது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் நல்ல பாகம் அரித்துப்போகும் என்பதால் இருவர் சரிபார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

பிளஸ் முனையில் துருப்பிடிக்காத எஃகு கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். அலுமினியப் பாகத்தை இதில் போடாதீர்கள். ஸ்பிரிங்குகளையும் போட வேண்டாம், நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

போல்ட்டுகள் ஸ்பானருக்குச் சரியாகப் பொருந்தவில்லையே?

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை, அமெரிக்க வண்டிகளில் அங்குல மரை, ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் மெட்ரிக். இடையில் பழுது பார்த்தவர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். மரை அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று ஏறி இறுகும் போல்ட்டை மேற்கொண்டு முறுக்க வேண்டாம்.

6 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட்டாக மாற்றலாமா? மேக்னெட்டோ என்றால் என்ன?

மாற்றலாம், ஆனால் அவசியம் இல்லை. 6 வோல்ட் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் மெல்லிய ஒயரிலும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும்தான் இருக்கும். வோல்ட் குறைவாக இருப்பதால் கரண்ட் அதிகம் பாய வேண்டும். அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேக்னெட்டோ பேட்டரியே இல்லாமல் தானே மின்பொறி உண்டாக்கும் கருவி. 1942இல் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஃபோர்டு 2என் மாடலை வெளியிட்டபோது, பேட்டரியைத் தவிர்த்து மேக்னெட்டோவும், ரப்பர் டயருக்குப் பதில் இரும்புச் சக்கரமும் கொடுத்தார்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது பொறிக்குப் போதுமான வேகம் வராது. அதற்காக உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு இணைப்பு, காந்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துச் சட்டென்று விடுவிக்கும். ஹேண்டிலைச் சுற்றும்போது 'டக்' என்று தெளிவாகக் கேட்பது அதுதான். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் மேக்னெட்டோவை அங்கேயே கழற்றிப் பழைய கிரீஸைக் கழுவுங்கள். காந்தம் வலுவிழந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் பாயிண்ட்டைச் சுத்தம் செய்து கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். பாதி மேக்னெட்டோக்கள் இதிலேயே எழுந்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் டிராக்டருக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். இவற்றில் சின்ன டேங்கில் பெட்ரோல், பெரிய டேங்கில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் எரியாமல் போகும் மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி சம்ப் எண்ணெயை நீர்க்கவைத்துவிடும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை எளிதில் பற்றும்.

இதைவிடச் சுவையானது 1921இல் ஜெர்மனியின் மன்ஹைமில் பிறந்த லான்ஸ் புல்டாக். ஒற்றை சிலிண்டர். முன்புறமுள்ள குமிழை ப்ளோலாம்ப்பால் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு உருவி ஃப்ளைவீலில் செருகி ஆட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கவனிக்காவிட்டால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கி, முன் கியரில் வண்டி பின்னால் போகும். ஒருவர் காய்ச்ச, ஒருவர் ஆட்ட, ஒருவர் எண்ணெய் பார்க்க என்று குடும்பமே சூழ்ந்து நிற்க வேண்டிய வண்டி அது.

பெயிண்ட் அடிக்கலாமா, பழைய நிறத்தை அப்படியே விடலாமா?

இந்தக் கேள்விக்குச் சகோதரர்களுக்குள்ளேயே சண்டை வரும். என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு டிராக்டரில் அசல் பெயிண்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால், கழுவி, துருவை நிறுத்தி, எண்ணெய் தடவி அப்படியே வையுங்கள். கிளட்ச் பெடலில் ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கும் குழியும், கை பட்டுப் பட்டு வழவழப்பான லீவர் முனையும் அதை ஓட்டியவரின் கையெழுத்து. உப்புத்தாளால் ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம். திரும்பக் கொண்டுவர முடியாது. வெல்டிங் அசிங்கமாக இருந்தாலும் உறுதியாக இருந்தால் அதையும் விட்டுவிடுவேன்.

நிறமே மிஞ்சவில்லை என்றால் அடிக்கத்தான் வேண்டும். அப்போது வருடத்தைப் பார்த்து அடியுங்கள். ஃபார்மால் என்றாலே சிவப்பு என்று நினைக்கிறோம்; 1936க்கு முன் அது சாம்பல் நிறம். அல்லிஸ்-சால்மர்ஸ் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது 1929இல். ஃபெர்குசன் 35 முதலில் சாம்பலும் பொன்னிறமுமாக வந்து, மாசி ஃபெர்குசன் பெயரில்தான் சிவப்பானது. பானட்டுக்குள், டேங்குக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கு மூடிய இடத்தில் சுரண்டினால் அசல் நிறம் கிடைக்கும்.

பிள்ளைகளை எந்த வயதில் சேர்த்துக்கொள்ளலாம்?

வயதைவிட வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டலாம், நோட்டில் படம் வரையலாம். பத்து வயதுக்கு மேல் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டலாம். அந்தச் சின்னப் பித்தளை ஜெட்டின் ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்க்கும்போது இன்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் வால்வு இடைவெளி வைக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு பாகத்தை முழுதும் ஒரே பிள்ளையிடம் ஒப்படையுங்கள். டைனமோ இவளுடையது, ஏர் கிளீனர் இவனுடையது என்று இருந்தால், வண்டி ஓடும்போது அவர்கள் காது அந்தப் பாகத்தில் இருக்கும். பெரியவர் பிடுங்கிச் செய்துவிடக் கூடாது. மெதுவாக நடந்தால் நடக்கட்டும்.

எந்த வயதிலும் பிள்ளைகளை அண்டவிடக் கூடாத இரண்டு வேலைகள் உண்டு. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். அதைச் சுரண்டும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், அந்தத் துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்தோ உலர்ந்த பிரஷ்ஷாலோ சுத்தம் செய்தால் அது நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஓட்டும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

கவிழ்வதற்கு. பழைய டிராக்டர்களில் தலைக்கு மேல் பாதுகாப்புக்கான இரும்புச் சட்டகம் கிடையாது. 1959இல் ஸ்வீடன்தான் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். உங்கள் மாடலுக்குச் சான்றிதழ் பெற்ற சட்டகம் கிடைத்தால், அசல் தோற்றம் கெடுகிறதே என்று பார்க்காமல் போடுங்கள். சட்டகம் இருந்தால் சீட் பெல்ட் கட்டுங்கள். இல்லாதபோது கட்டக் கூடாது.

பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்வதுதான் கொடியது. பின் சக்கரம் சேற்றிலோ மரவேரிலோ சிக்கி நகர மறுக்கும்போது, இன்ஜின் சக்கரத்தைச் சுற்ற முடியாமல் அச்சைச் சுற்றி வண்டியையே தூக்குகிறது. சங்கிலியை அச்சுக்கு மேலே எங்கேயாவது மாட்டி இழுத்தால் ஓரிரு நொடியில் கவிழும். குதிக்க நேரம் கிடைக்காது. டிராக்டரின் பின்னால் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக்கம்பி தவிர வேறு எதிலும் கட்டி இழுக்காதீர்கள். மட்கார்டில் பேரப்பிள்ளையை உட்காரவைத்து ஓட்டும் பழக்கம் எத்தனை குடும்பங்களில் இருந்தாலும் அது வேண்டாம். பின்னால் பூட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. சேலையோ துண்டோ மாட்டினால் நிறுத்த நேரமிருக்காது. மூடி இல்லாத பி.டி.ஓ.வை இயக்கக் கூடாது.

ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை விடுபடும்.

முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன தயாராக இருக்க வேண்டும்?

வண்டி வெளியே நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை, அருகில் தீயணைப்பான். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். டீசல் என்றால் காற்று நுழைவாயை அடைக்க ஒரு பலகை கையில் இருக்கட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஒட்டிக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடினால் பலகையால் அடைத்தால் நின்றுவிடும்; உள்ளங்கையை வைக்காதீர்கள். டீசல் பைப்பில் கசிவு தேடவும் விரல் கூடாது, அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

அதிகச் செலவு எதில் வரும்?

பெரும்பாலும் பின் டயர்களில், அடுத்து டீசல் பம்பில். பம்பை வீட்டில் பிரிக்க வேண்டாம். அதற்கென்று இருப்பவரிடம் கொடுங்கள். எடைக்காகப் பழைய டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றியிருந்தால் ரிம் அரித்திருக்கும். டயர் வாங்கும் முன் ரிம்மில் காற்று வால்வு இருக்கும் இடத்தைச் சுற்றிலும் பாருங்கள்.

வண்டி யாருக்குச் சொந்தம் என்று பிற்காலத்தில் தகராறு வராதா?

வரும், பேசிக்கொள்ளாவிட்டால். வேலை தொடங்கும்போதே எழுதிவிடுங்கள்: எந்த வீட்டில் நிற்கும், யார் யார் ஓட்டலாம், செலவை எப்படிப் பிரிப்பது, எல்லோரும் சம்மதிக்காமல் விற்கலாமா கூடாதா. வேலை செய்தவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் சம உரிமை என்று வைப்பது நல்லது. வெளியூரில் இருக்கும் தம்பியால் ஸ்பானர் பிடிக்க முடியாது. உதிரி பாகம் தேடித்தருவது அவர் வேலையாக இருக்கட்டும். பெண்பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். அத்தையும் அக்காவும்தான் பல வீடுகளில் அந்த டிராக்டரின் கதையை அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சீரமைத்த பிறகு வேலைக்கு விடலாமா?

தாராளமாக. இலகுவான உழவு, தண்ணீர் டேங்க் இழுப்பது, ஊர்வலம் எல்லாம் செய்யலாம். சும்மா நிற்கும் வண்டியில்தான் சீல் காய்கிறது, டேங்கில் துரு கட்டுகிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் நிறுத்துவது நல்லதல்ல. சூடேறாத இன்ஜினுக்குள் நீராவி குளிர்ந்து எண்ணெயில் தங்கிவிடும். ஓட்டினால் அரைமணி நேரமாவது பாரத்தோடு ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் எண்ணெய் மாற்றி, எத்தனால் கலந்த பெட்ரோலை வடித்து, கிளட்ச் பெடலைக் கட்டையால் அழுத்தி வைத்து, சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை செய்ததையும் தேதியோடு அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்தமுறை திறப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.